புதுக்கடையின் கதவு

இலங்கையில் சட்டம் பல்கலைக்கழகப் பாடமானது 1947 ஆம் ஆண்டிலாகும். அதற்கு முந்திய 73 ஆண்டுகள், 1874 இல் தொடங்கப்பெற்ற சட்டக் கல்லூரியே நாட்டின் சட்டத்தரணிகளை உருவாக்கி வந்தது.

கல்லூரி தோன்றுமுன் சட்டம் குருவிடம் கற்கும் தொழிலாகவே இருந்தது. நல்லொழுக்கமும் போதிய அறிவும் உடையோரைச் சட்டத்தொழிலில் அனுமதிக்கும் அதிகாரத்தை 1833 ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் உயர் நீதிமன்றத்துக்கு அளித்திருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவ்வாறு சேர் ரிச்சர்ட் மோர்கனிடம் பயின்றவர். வசதி படைத்தோர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகினர். இராமநாதனின் மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமி அவ்வாறு பட்டம் பெற்றவரே.

சட்டக் கல்லூரி இவ்வாய்ப்பை நடுத்தர வர்க்கத்துக்கும் திறந்துவிட்டது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் வெஸ்லி கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே அங்கு பயின்றார். ஜே.ஆர். ஜெயவர்தனா பல்கலைக்கழகக் கல்லூரியை விட்டு நீங்கி 1928 இல் அங்கு சேர்ந்தார். அக்காலத்திற் பட்டப்படிப்பைவிடப் புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் செல்லும் வழியே பெரிதாக மதிக்கப்பட்டது. வழக்கைத் தயார்செய்பவர் பிரக்கிராசி. மன்றில் எழுந்து வாதிடுபவர் அப்புக்காத்து. இவ்விரு பிரிவுகளும் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே ஒன்றாக்கப்பட்டன.

கல்லூரியிற் கற்பித்த மொழி ஆங்கிலம். இதிலொரு விசித்திரம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தார். தமிழாக்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலியார்கள் சரிபார்த்தனர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று தன் வீட்டில் நாளும் கேட்ட சொற்களின் பொருளை யாழ்ப்பாண மாணவன் கொழும்புக்கு வந்து ஆங்கிலத்திற் படிக்கவேண்டியிருந்தது. வழக்குக்குச் சொந்தக்காரனான விவசாயிக்கோ, மன்றில் தன் காணியைப்பற்றி என்ன பேசப்பட்டது என்பதே விளங்குவதில்லை.

சட்டம் ஏன் அப்படி இருக்கின்றது என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகத் துறை இடமளித்தது. பேராசிரியர் தி. நடராஜா 1972 இல் வெளியிட்ட இலங்கைச் சட்டமுறையின் வரலாற்று நூல் அதன் அரிய பயன்களில் ஒன்று. ஆயினும் பட்டம் மட்டும் எவரையும் சட்டத்தரணியாக்கியதில்லை. சட்டப் பட்டதாரியும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைக் கடந்தாக வேண்டும். திறவுகோல் இன்றுவரை புதுக்கடையிலேயே உள்ளது.

எனவேதான் அங்கு எம்மொழியிற் பரீட்சை நடக்கின்றது என்பது சிறிய விடயமன்று. சிங்களத்திலும் தமிழிலும் எழுதும் உரிமை பிற்காலத்திற் கிடைத்தது. ஆங்கிலம் மட்டுமே என்ற விதி 2020 இல் வர்த்தமானியில் வெளியாயிற்று. 2023 இல் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. ஆங்கில அறிவு சட்டத்தரணிக்கு இன்றியமையாதது என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அதனைக் கற்பிப்பது வேறு, அதனையே கதவாக்குவது வேறு. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் தமிழிற் படித்த பிள்ளைகள் வெளியே நிறுத்தப்பட்டால், அங்குள்ள கட்சிக்காரனுக்கு அவன் மொழியிற் சட்டத்தை விளக்கிச்சொல்ல எவர் இருப்பார்?