டெல்லிக்கோ அணையும் ஒரு சிறு மீனும்

ரூஸ்வெல்ட் காலத்தில், 1933ஆம் ஆண்டு, வெள்ளத்தாலும் வறுமையாலும் நலிந்த ஒரு பிரதேசத்தை உத்தாரணம் செய்வதற்கென்று அமெரிக்காவில் நிறுவப்பெற்ற டென்னெஸி பள்ளத்தாக்கு அதிகார சபை, பின்னர் நம் தேசத்துத் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கே முன்மாதிரியாக விளங்கிய அப்பெரும் ஸ்தாபனம், 1967இல் லிட்டில் டென்னெஸி நதியின் குறுக்கே தொடங்கிய டெல்லிக்கோ அணை, அதன் முந்தைய அணைகளைப் போன்றதன்று. மின்சார யந்திரம் ஒன்றுகூட அதில் கிடையாது. தேங்கும் நீரைக் கால்வாய் வழியே அண்டையிலுள்ள ஃபோர்ட் லவுடன் அணைக்குத் திருப்பிவிடுவதே ஏற்பாடு. ஏறத்தாழ 16,500 ஏக்கர் பரப்புள்ள ஏரிக்காகச் சுமார் 38,000 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது என்பதிலிருந்தே, கரையோர நிலத்தின் மதிப்புயர்வும் அங்கே எழவிருந்த புதுநகரமும் இத்திட்டத்தில் எவ்வளவு பிரதானமாயிருந்தன என்பது விளங்கும்.

1973 ஆகஸ்டில், டென்னெஸி சர்வகலாசாலையின் மீனியல் பேராசிரியர் டேவிட் எட்னியர், அந்நதியின் சரளைப் படுகையில் நத்தைகளைத் தின்று வாழும், மூன்று அங்குலமே நீளமுள்ள ஸ்னெயில் டார்ட்டர் என்னும் மீனைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜனாதிபதி நிக்ஸன் கையொப்பமிட்ட அருகிவரும் உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவோ, அத்தகைய உயிரினத்தின் இன்றியமையாத வாழிடத்தை எந்த மத்திய அரசு ஸ்தாபனமும் அழித்தலாகாது என விதித்தது. 1975இல் அம்மீன் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர, அணையை நிறுத்தக் கோரி வழக்கு எழுந்தது.

உச்ச நீதிமன்றத்தில் அதிகார சபைக்காக வாதாடிய தலைமை அரசாங்க வழக்கறிஞர் கிரிஃபின் பெல், இத்தனை அற்ப ஜந்துவுக்காகவா என்று கேட்பார்போல, அம்மீன் ஒன்றைக் குப்பியிலிட்டு நீதிபதிகளுக்குக் காட்டினார். ஆயினும் 1978 ஜூன் 15 அன்று பிரதம நீதிபதி பர்கர், ஏற்கெனவே செலவான தொகை பத்துக்கோடி டாலரைத் தாண்டியிருந்தும், லாபநஷ்டத்தைத் தூக்கிப் பார்க்கும் அதிகாரத்தைச் சட்டம் நீதிமன்றத்துக்கு அளிக்கவில்லை எனக் கூறி, அணை வேலையை நிறுத்தித் தீர்ப்பளித்தார். அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

சட்டம் விறைப்பானது என்ற கூக்குரல் எழவே, அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாண்டே அதைத் திருத்தி, உரிய காரணமிருப்பின் விலக்களிக்க ஏழு பேர் கொண்ட குழுவொன்றை அமைத்தது. மீனுக்கு உயிர்ப்பிச்சை தருவதும் மறுப்பதும் அவர்கள் கையிலிருந்ததால், ‘கடவுள் குழு’ என்று ஜனங்கள் அதைப் பரிகசித்தனர். சமன்செய்யும் தராசு வேண்டுமென்றவர்கள் கேட்ட தராசு இதுவே. 1979 ஜனவரியில் அது காட்டியதென்ன? அணை 95 சதவீதம் பூர்த்தியாயிருந்தும், எஞ்சிய வேலைக்காகும் செலவுக்குக்கூட அதன் பயன் ஈடாகாது என்று ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகரான சார்லஸ் ஷுல்ட்ஸ் விளக்க, குழு ஏகமனதாக விலக்கை மறுத்தது.

இதன்பின், செலவு மசோதா ஒன்றினுள், கீழ்ச்சபையில் வாசிப்பும் விவாதமுமின்றி நுழைக்கப்பட்ட ஒரு ஷரத்து டெல்லிக்கோவை எல்லாச் சட்டங்களிலிருந்தும் விடுவித்தது. செப்டம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் மனமின்றிக் கையொப்பமிட்டார். நவம்பர் 29 அன்று மதகுகள் மூடப்பட்டன. செரோக்கி மக்களின் புராதனத் தலைநகரங்களான சோட்டாவும் தனாசியும் இருந்த இடங்கள் நீருள் ஆழ்ந்தன. மீனோ, ஹைவாஸி நதியில் விடப்பட்டும், வேறு சில ஆறுகளில் புதிதாய்க் காணப்பட்டும் பிழைத்து, 2022இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

ஒரு மீனுக்காக நாட்டின் அபிவிருத்தியையே நிறுத்திய சட்டத்துக்கு உதாரணமாக டெல்லிக்கோவை இன்றும் எடுத்துக்காட்டுவோர், அணையைப் பொருளாதாரக் கணக்கினாலேயே தள்ளிய அந்த ஜனவரித் தீர்மானத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் பேசுவது நலம்.