114-ஆம் ஹெலிகாப்டர் பிரிவு

இந்திய விமானப்படையின் 114-ஆம் ஹெலிகாப்டர் பிரிவு லடாக்கிலுள்ள லே தளத்தில் இயங்குகிறது. ‘சியாச்சின் முன்னோடிகள்’ என்பது அதன் சிறப்புப் பெயர். மலைமுகாம்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்வதும், அங்கு நோயுற்றோரையும் காயம்பட்டோரையும் கீழே இறக்குவதும் அதன் தலையாய பணிகள்.

தோற்றம்

சாலையில்லாத எல்லை முகாம்களுக்கு வான்வழியே துணை என்பதை 1962 சீனப் போர் உணர்த்தியது. 1964 ஏப்ரல் 1 அன்று இப்பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் ‘சேத்தக்’ எனப் பெயர் பெற்ற அலுவெட்-3 ஹெலிகாப்டர்களே அதன் முதல் ஊர்திகள். 1978 அக்டோபரில் விமானப்படையின் சேத்தக் ஒன்று சியாச்சின் பனியாற்றில் முதன்முறையாக இறங்கியது. அடுத்து வந்த ‘சீட்டா’, பிரெஞ்சு லாமா ஹெலிகாப்டரின் இந்தியத் தயாரிப்பு. 1972-இல் 12,442 மீட்டர் உயரம் எட்டி உலக சாதனை படைத்தது அந்த லாமாதான்.

மேகதூத் நடவடிக்கை

சியாச்சினைக் கைக்கொள்ள இந்தியா மேற்கொண்ட இந்நடவடிக்கையில், 1984 ஏப்ரல் 13 விடியலில் சீட்டாக்கள் பிலாஃபோண்ட் லா கணவாயில் இந்திய வீரர்களை இறக்கின. அன்றுமுதல் 76 கி.மீ. நீளமுள்ள அந்தப் பனியாற்றில் ஆண்டு முழுதும் படை நிற்கிறது.

அங்கே குண்டைவிடக் குளிரும் உயரமுமே அதிக உயிர்களைப் பறித்துள்ளன. ஆக்சிஜன் குறைவால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இருமலும் மூச்சிரைப்பும் முற்றினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆக்சிஜனும் மருந்தும் சற்று அவகாசம் தரும். நோயாளியைத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுசெல்வதே உறுதியான சிகிச்சை. ஆகவே இங்கே ஹெலிகாப்டரே பாதி மருத்துவம்.

பணிமுறை

20,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால் விசிறிக்குப் போதிய பிடிப்புக் கிடைக்காது. என்ஜின் வலுவும் குறையும். வெயில் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். எனவே விடியற்காலைப் பறப்பே வழக்கம். மிக உயர்ந்த முகாம்களுக்குச் சில மண்ணெண்ணெய் கேன்களோடு சுமை முடிந்துவிடும். ஒன்று விழுந்தால் மற்றொன்று உதவ வேண்டும் என்பதால் இரண்டிரண்டாகவே பறக்கிறார்கள். பனியைச் சமன்செய்து அமைத்த சிறு தளத்தில் விசிறி சுழன்றபடியே இருக்கும். வீரர்கள் குனிந்து ஓடிவந்து சரக்கை இறக்குவார்கள், நோயாளியை ஏற்றுவார்கள். அடுத்த நொடி ஹெலிகாப்டர் கிளம்பிவிடும்.

அண்மைக்காலம்

2003 நவம்பரில் பாகிஸ்தானுடன் போர் நிறுத்தம் வந்து பீரங்கிகள் ஓய்ந்தன, பனிச்சரிவுகள் ஓயவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் முகாம் புதைந்ததில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான, ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவை வான்வழியே டெல்லிக்குக் கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை.

மதிப்பீடு

நோயுற்றால் ஹெலிகாப்டர் வரும் என்ற நம்பிக்கையே அந்த உயரத்தில் வீரர்களின் பெரும் பலம். அந்த நம்பிக்கையைத் தாங்கும் சீட்டாக்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றுக்கு மாற்றாக இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இலகுரக ஹெலிகாப்டரை உருவாக்கியுள்ளது. அதை லேவுக்கு விரைந்து கொண்டுசேர்ப்பது நாட்டின் கடமை.