ஒழுகுவது எப்போது பிழையானது?

சர்வீஸ் முடிந்து வந்த கார் ஒரு ராத்திரி நின்ற இடத்தில், காலையில் எண்ணெய்ப் பொட்டு ஒன்று கிடக்கிறது. எஞ்சின் ஆயிலின் கறுப்பு அதில் இல்லை. தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை அடிக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில்தான். உடனே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடும்: மெக்கானிக் கெடுத்துவிட்டார், அல்லது வண்டிக்கு வயதாகிவிட்டது. இரண்டுமே ஒன்றை உண்மையென எடுத்துக்கொள்கின்றன: கியர்பாக்ஸ் என்றால் வெளியே உலர்ந்திருப்பதுதான் அதன் இயல்பு என்று. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சுழலும் தண்டும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் ஒழுகுவதுதான் இயல்பாக இருந்தது. ஒழுகாமை என்பது கடந்த நூறு ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்த ஏற்பாடு. கைக்கு இருந்த பொறுப்பின் பெரும்பகுதியை உதிரிப் பாகத்துக்கு மாற்றித்தான் அது வந்தது. கையின் பழக்கம் அதே வேகத்தில் மாறவில்லை. சர்வீஸுக்குப் பிறகான ஒழுக்கில் பெரும்பகுதிக்கு இந்த இடைவெளியே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாட்டுவண்டி அச்சுக்கு இடும் மை வழிந்து போகும், திரும்ப இடுவார்கள். அதை யாரும் பழுது என்று சொன்னதில்லை. நீராவி எஞ்சினில் பிஸ்டன் தண்டு வெளிவரும் துளையைச் சுற்றி, கொழுப்பில் தோய்த்த சணல் கயிற்றைத் திணித்து, மேலே ஒரு மூடியை முடுக்கி அமுக்கினார்கள். நீராவி கசிந்தால் இன்னும் ஒரு சுற்று முடுக்க வேண்டும், கயிறு தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் திணிக்க வேண்டும். இன்றும் நம் ஒர்க்‌ஷாப்களில் கேஸ்கட்டுக்கு ‘பேக்கிங்’ என்றே பெயர். திணிப்பது என்ற அந்தப் பழைய வேலையைத்தான் அந்தச் சொல் சுமந்துகொண்டிருக்கிறது. பிரான்சில் பான்ஹார் எ லெவஸோர் நிறுவனத்துக்காக எமில் லெவஸோர் 1891-இல் அமைத்த நகரும் பற்சக்கரக் கியர், இன்றைய மேனுவல் கியர்பாக்ஸின் மூதாதை. தொடக்க கால வண்டிகளில் அதன் சக்கரங்கள் கூடு இல்லாமலே சுழன்றன. உள்ளே தேங்கும் எண்ணெயே இல்லாத இடத்தில் கசிவு என்ற கேள்விக்கு ஏது இடம்? 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி உருவான ஃபோர்டு மாடல் டி காரில் எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயில் குளித்தன. அளவு பார்க்க வண்டியின் அடியில் இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருந்தன. குனிந்து திறந்து பார்ப்பது ஓட்டுபவரின் வழக்கமான வேலை. எண்ணெய் குறையும் என்பது கணக்கில் சேர்ந்தே இருந்தது.

கூடு வந்த பிறகும் இந்த எண்ணம் வெகுகாலம் நீடித்தது. இந்தியச் சாலைகளில் அதற்கு நன்கு தெரிந்த சாட்சி அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அந்தக் காரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினில், கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் திருகு மரைபோல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். தண்டு சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்பக்கமாகவே தள்ளும், வண்டி நின்றதும் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. அக்காலப் பிரிட்டிஷ் கியர்பாக்ஸ்கள் பலவற்றின் முன்தண்டிலும் இதே உத்திதான். ஆக, அம்பாசடர் நின்ற இடத்தில் விழுந்த சொட்டில் ஒரு பங்கு, வரைபடத்திலேயே அனுமதிக்கப்பட்ட சொட்டு. அந்தக் காலத்து வண்டிகள் ஒழுகாது என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். ஒழுகின, ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களில் தோல் வியாபாரிகளும் உண்டு. சிகாகோ ராஹைடு நிறுவனம் 1878-இல் எந்திரங்களுக்குத் தோல் வார் செய்யத் தொடங்கியது. ஜெர்மனியின் வைன்ஹைமில் 1849 முதல் தோல் பதனிட்டுவந்தது ஃப்ராய்டன்பர்க். கார்கள் பெருகியபோது சிகாகோ நிறுவனம் தோலில் ஆயில் சீல் செய்தது. 1929 பொருளாதார வீழ்ச்சியில் தோல் சந்தை படுத்ததும் ஃப்ராய்டன்பர்க்கும் சீல் பக்கம் திரும்பியது. அங்கே வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் உருவாக்கிய வளையம் அவர் பெயராலேயே ‘சிம்மரிங்’ ஆனது. உலோகக் கூட்டில் பொருந்திய உதடு, அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும் சிறு சுருள்வில், அவ்வளவுதான் அதன் அமைப்பு. 1930-களின் நடுவில் எண்ணெய்க்கு ஊறிப்போகாத செயற்கை ரப்பர் கைக்கு வந்தது, தோல் உதடு ரப்பர் உதடானது. அமெரிக்காவில் டென்மார்க்கிலிருந்து குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் ஓ-ரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போர் அதை எங்கும் பரப்பியது.

இந்த ரப்பர் உதடு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் என் வாதத்தின் அடிப்படை இருக்கிறது. தண்டை இறுக்கிப் பிடித்து அடைக்கிறது என்று தோன்றும். 1957-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜாகர், உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஓடுவதைக் காட்டினார். அந்தப் படலம் இல்லாவிட்டால் உதடு கருகிவிடும். உதட்டின் இரு பக்கச் சரிவும் வெவ்வேறு கோணத்தில் இருப்பதால், சுழற்சியில் அது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது என்பதும் பின்னர் தெளிவானது. அதாவது ஆயில் சீல் என்பது அடைப்பு மட்டுமல்ல, தானே ஒரு சிறு பம்ப்பும்கூட. தலைகீழாகப் பொருத்தினால் எண்ணெயை வெளியே அனுப்பும். உலர்வாக மாட்டினால் முதல் சுழற்சியிலேயே காயும். ஒரு கீறல் விழுந்தால் போதும், பிறகு எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் முடுக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. சணல் கயிறு கையின் திருத்தத்துக்கு இடம் கொடுத்தது, ரப்பர் உதட்டில் அந்த இடம் இல்லை. எண்ணெயை வடிக்கும் ட்ரெயின் பிளக்கின் வாஷருக்கும் இதே கதைதான். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிப்போகும். அதைத் தீயில் சிவக்கக் காய்ச்சி இளக்கித் திரும்பப் போடும் கைவேலை உண்டு. ஆனால் உள்ளே குழிவாக மடித்துச் செய்த இன்றைய நசுங்கும் வாஷரை எந்தத் தீயும் பழைய வடிவுக்குக் கொண்டுவராது.

இதனுடன் இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் ஒரே தண்டு போனது. 1983-இல் வந்த மாருதி 800 முன்சக்கர இயக்கத்தைப் பரவலாக்கியது. இப்போது இரு டிரைவ் ஷாஃப்ட்டுகளும் கியர்பாக்ஸின் இரு விலாவிலும் நேராக நுழைகின்றன, ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஓர் ஆயில் சீல். கிளட்ச் மாற்ற ஷாஃப்ட்டை உருவ வேண்டும். சஸ்பென்ஷன் வேலைக்கும் பல சமயம் உருவ நேரிடும். திரும்பச் செருகும்போது ஷாஃப்ட்டின் பல்முனை உதட்டைத் தடவிப் போனால் கீறல் விழும். கியர்பாக்ஸுக்குச் சம்பந்தமில்லாத வேலைகூடக் கியர்பாக்ஸைத் திறக்கும் வேலையாகிவிட்டது.

இத்தனையும் சொல்லி மெக்கானிக்கின் கவனக்குறைவை மூடி மறைக்கிறாயே என்று கேட்கலாம். கவனக்குறைவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது புதிதல்ல, பழைய இணைப்புகள் அதைப் பொறுத்துக்கொண்டன, புதியவை பொறுப்பதில்லை. மேலும், ஒழுகும்போது பிளக்கை இன்னும் முடுக்குவதும், பழைய வாஷரையே போடுவதும், இணைப்பில் ஷெல்லாக் தடவுவதும் அக்கறையற்றவர் செய்யும் காரியங்கள் அல்ல. ஒரு காலத்தில் இவையே நல்ல கைவேலை. இன்று அதே முடுக்கல் அலுமினியக் கூட்டின் மரையைப் பிய்த்துவிடுகிறது. அப்படியானால் திறக்காமலே விட்டுவிடலாமே என்பது அடுத்த வாதம். சில நிறுவனங்கள் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய் என்றே விற்கின்றன. ஆனால் திறக்காத கூட்டுக்குள்ளும் ரப்பர் சூட்டில் விறைக்கிறது, எண்ணெய் அழுக்காகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் சேர்க்கும் வழக்கமே, கசிந்தால் எங்கிருந்து என்று கண்டுகொள்ளத்தான். தயாரிப்பாளர்களே எதிர்பார்த்த ஒன்றை வண்டிக்காரர் எதிர்பார்க்காமல் இருப்பதில் பொருளில்லை.

எனவே ஒழுகும் வண்டியோடு திரும்பப் போகிறவர் கேட்க வேண்டியது யார் குற்றம் என்பதை அல்ல, எது திறக்கப்பட்டது, அங்கே எது புதிதாகப் போடப்பட்டது என்பதை. பிளக் திறந்திருந்தால் பில்லில் ஒரு வாஷர் இருக்க வேண்டும். ஷாஃப்ட் உருவியிருந்தால் சீல் மாற்றியதா, பழையதே விடப்பட்டதா என்பதற்குப் பதில் வேண்டும். எண்ணெய் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டதா, காற்றுப் போகும் துளை அடைத்திருக்கிறதா, ஊற்றும்போது சிந்தியதுதான் இப்போது சொட்டுகிறதா என்று துடைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒழுக்கை நிறுத்தும் வேலையை ஒரு சிறு வளையத்திடம் ஒப்படைத்தாயிற்று. அதன் விலையை மிச்சம் பிடிக்கும் வழக்கம், அந்த வளையம் இல்லாத காலத்திலிருந்து வந்தது.