வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது? அமெரிக்கப் பள்ளித் தேர்வுகளும் இஸ்லாமிய உலகமும்

வரலாறு எழுத அமர்ந்த எவரும் முதற்கண் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்பதே அம்முடிவு. இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் தமது பெருநூலைப் படைப்பின் தொடக்கத்திலிருந்து எழுதத் தொடங்கி ஹிஜ்ரி 302 வரை கொண்டு வந்தார்கள். இமாம் தஹபீ (ரஹ்) அவர்களின் ‘தாரீகுல் இஸ்லாம்’ ஹிஜ்ரத்தின் முதலாண்டில் தொடங்கி ஹிஜ்ரி 700 வரை செல்கிறது. இருவரும் ஒரே சமுதாயத்தின் வரலாற்றை எழுதிய பேரறிஞர்கள். ஆயினும் தொடக்கம் வேறாகும்போது நூலின் நோக்கும் வேறாகிவிடுகிறது. முன்னவரின் நூலில் இஸ்லாம் மனிதகுல வரலாற்றின் தொடர்ச்சியாக வருகிறது. பின்னவரின் நூலில் அது ஒரு புதிய சமுதாயத்தின் பிறப்பாக வருகிறது.

நம் காலத்தில் இம்முடிவை நூலாசிரியர்களைவிடத் தேர்வு வாரியங்களே மிகுதியும் எடுக்கின்றன. தேர்வில் வருவதை ஆசிரியர் நடத்துகிறார்; நடத்தியதை மாணவர் படிக்கிறார்; எஞ்சியது நூலகத்தில் உறங்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளில் உலக வரலாற்றுக்கும் அமெரிக்க வரலாற்றுக்கும் நடைபெறும் தேர்வுகளை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறோம். அந்நாட்டில் குடியேறிய நம்மவர் பிள்ளைகளும் இத்தேர்வுகளை எழுதுகின்றனர். அதனினும் முக்கியமாக, ஒரு தொடக்க ஆண்டு ஒரு நாகரிகத்தின் உருவத்தையே மாற்றவல்லது என்பதற்கு அங்கு 2018இல் நடந்த விவாதம் தெளிவான சான்றாகும்.

ஐரோப்பிய வரலாற்றிலிருந்து உலக வரலாற்றுக்கு

அமெரிக்கப் பள்ளிகளில் ‘உலக வரலாறு’ என்னும் பாடம் எளிதில் இடம்பெற்றுவிடவில்லை. அமெரிக்க வரலாற்றறிஞர் சங்கம் அமைத்த எழுவர் குழு, 1899இல் உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளுக்கும் நான்கு பாடங்களைப் பரிந்துரைத்தது. பண்டைய வரலாறு, இடைக்கால நவீனகால ஐரோப்பிய வரலாறு, இங்கிலாந்து வரலாறு, அமெரிக்க வரலாறு என்பன அவை. இவ்வரிசையில் பக்தாதுக்கும் கர்னாடாவுக்கும் தனியிடம் இல்லை. ஐரோப்பாவின் கதையில் குறுக்கிடும் அளவுக்கே அவை பேசப்பட்டன. முதல் உலகப் போருக்குப் பின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் தொடங்கிய ‘சமகால நாகரிகம்’ என்னும் பாடம், ‘மேற்கத்திய நாகரிகம்’ என்ற பெயரில் நாடெங்கும் பரவிய பாடநெறிகளுக்கு முன்மாதிரியாயிற்று.

இப்போக்கை மாற்ற முனைந்தோரில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் குறிப்பிடத்தக்கோர். வில்லியம் மெக்னீல் 1963இல் வெளியிட்ட நூல், நாகரிகங்கள் ஒன்றோடொன்று கொண்ட தொடர்பையே வரலாற்றின் இயக்கு விசையாகக் காட்டியது. அவருடைய சக பேராசிரியர் மார்ஷல் ஹாட்ஜ்சன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகியவற்றை இணைத்த பெருநிலப்பரப்பின் வரலாற்றை இஸ்லாமிய உலகை ஒதுக்கிவிட்டு விளங்கிக்கொள்ள இயலாது என்பது அவர் வாதம். 1968இல், நாற்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். இஸ்லாமிய நாகரிகம் குறித்த அவரது மூன்று தொகுதி நூல் 1974இல்தான் வெளிவந்தது.

வகுப்பறைக்கு இக்கருத்துகள் வந்தபோது அரசியலும் உடன் வந்தது. கலிபோர்னியாவில் இயங்கிய ஒரு மையம் 1994இல் பள்ளிகளுக்கான தேசிய வரலாற்றுத் தரநிலைகளை வெளியிட்டது. அவை அமெரிக்காவைக் குறைத்துக் காட்டுகின்றன என்ற கண்டனம் எழுந்தது. 1995 ஜனவரியில் அமெரிக்க செனட் சபை 99க்கு 1 என்ற வாக்குகளில் அவற்றுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளி வரலாற்றுப் பாடம் ஒன்றின்மீது ஒரு நாட்டின் மேலவை ஏறத்தாழ ஒருமனதாகத் தீர்ப்பளித்த நிகழ்ச்சி அது.

1450ஆ, 1200ஆ?

காலேஜ் போர்டு என்னும் அமைப்பு, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் பயிலும் மாணவர்களுக்காக அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்ற தேர்வுகளை 1950களிலிருந்து நடத்தி வருகிறது. இத்தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் பல கல்லூரிகளில் அப்பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியதில்லை. உலக வரலாற்றுக்கான முதல் தேர்வு 2002இல் நடைபெற்றது. 2018க்குள் அதை எழுதுவோர் தொகை ஆண்டுக்கு மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

அப்பாடம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளை ஒரே கல்வியாண்டில் அடக்க முயன்றது. ஆசிரியர்கள் ஓட வேண்டியிருந்தது. மாணவர்கள் மூச்சு வாங்கினர். இச்சுமையைக் குறைக்க, இனித் தேர்வு 1450இலிருந்து தொடங்கும் என்று காலேஜ் போர்டு 2018 மே மாதத்தில் அறிவித்தது. முற்காலத்திற்குத் தனியான ஒரு பாடம் அமைக்கலாம் என்பது அவர்கள் யோசனை. அந்தச் சுமை மெய்யானதே. அதைக் குறைக்க விரும்பியதையும் குறை கூற முடியாது.

ஆனால் 1450 என்ற எண் நடுநிலையானதன்று. போர்த்துக்கீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த காலம் அது. அங்கே கதவைத் திறந்தால் மாணவரின் கண்ணில் முதலில் படுவது ஐரோப்பியரின் கப்பல்தான். 1324இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, கெய்ரோ நகரைத் தம் பொன்னால் வியக்க வைத்த மாலி மன்னர் மன்ஸா மூஸா பாடத்திலிருந்து மறைந்துவிடுவார். ஆப்பிரிக்கர் அடிமை வணிகத்தின் வழியாகவே முதன்முதலாக அறிமுகமாவர். 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு, நம் மஅபர் கரையில் மதுரை சுல்தான் கியாஸுத்தீனைச் சந்தித்த இப்னு பதூதாவும் மறைந்துவிடுவார். இந்தியப் பெருங்கடலில் வாஸ்கோடகாமாவுக்கு முன்னரே வணிகம் செழித்திருந்தது என்ற செய்தி வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். எழுவர் குழுவை அமைத்த அதே வரலாற்றறிஞர் சங்கமும் மறுபரிசீலனை கோரியது. அவர்களது வாதம் சமயச் சார்பானதன்று. ஐரோப்பா அல்லாத மக்கள் தம் வலிமையோடு விளங்கிய காலத்தை மாணவர் காண வேண்டும் என்பதே அது. 2018 ஜூலையில் தொடக்க ஆண்டு 1200 என மாற்றப்பட்டது. 2019–20ஆம் கல்வியாண்டு முதல் அப்பாடம் ‘உலக வரலாறு: நவீனகாலம்’ என்னும் பெயரில் அவ்வாறே நடைமுறைக்கு வந்தது. இதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ரீஜண்ட்ஸ் உலக வரலாற்றுத் தேர்வு 1750க்குப் பிந்திய காலத்தோடு சுருக்கப்பட்டது. அங்கே இத்தகைய ஆரவாரம் எழவில்லை.

வரம்புக்குள் அடங்காத பக்தாது

1200 என்ற தொடக்கம் 1450ஐவிட நன்று. ஆயினும் இந்த வாசலில் நுழையும் மாணவர் பக்தாதை எந்நிலையில் காண்கிறார்? ஹிஜ்ரி 656இல், அதாவது 1258இல், ஹுலாகுவின் படைகள் அந்நகரை அழித்தன. மாணவர் அங்கே காலடி வைத்து 58 ஆண்டுகளில் கிலாஃபத் வீழ்ந்துவிடுகிறது. ஐந்து நூற்றாண்டுக் காலம் அது என்னவாக இருந்தது என்று அறியாதவருக்கு, வீழ்ந்தது எது என்று எப்படி விளங்கும்?

இந்த இடர்ப்பாட்டைப் பாடத்திட்டம் வகுத்தோரும் உணர்ந்திருக்க வேண்டும். 1200 முதல் 1450 வரையிலான ‘தாருல் இஸ்லாம்’ பகுதிக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். நஸீருத்தீன் தூஸீ (1201–1274) கால வரம்புக்குள் சரியாகப் பொருந்துகிறார். மராகாவில் அவர் நிறுவிய வானாய்வுக்கூடமும் அவ்வாறே. ஆனால் அடுத்து வரும் பக்தாதின் ‘பைத்துல் ஹிக்மா’ கலீஃபா மஃமூன் (813–833) காலத்தில் சிறந்தோங்கியது. வரம்புக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முந்தியது. திமிஷ்க் நகரத்து ஸூஃபிப் பெண்பாற் புலவர் ஆயிஷா அல் பாஊனிய்யா காலமானதோ 1517இல். அவர் பிறந்தது 1450க்குப் பின்னர். எடுத்துக்காட்டுகளுள் ஒன்று வேலிக்கு முன்னே நிற்கிறது. மற்றொன்று வேலியைத் தாண்டி நிற்கிறது.

இதைப் பிழையென்று எள்ளுவது நம் நோக்கமன்று. ஒரு காலத்தைக் கற்பிக்க முயலும் எவரும் அதன் காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றேயாக வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. வெளியே தள்ளப்பட்ட நூற்றாண்டுகள் காரணம் என்ற வடிவில் திரும்பவும் உள்ளே வந்துவிடுகின்றன.

1491: இரு கரைகளின் ஆண்டு

அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்கும் இத்தகைய ஒரு தொடக்க ஆண்டு உண்டு. 2014இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் 1491இல் தொடங்குகிறது. கொலம்பஸ் கரையிறங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பு, அம்மண்ணின் பூர்வ குடிகள் தம் வாழ்வைத் தாமே வாழ்ந்த நிலையை மாணவர் காண வேண்டும் என்பது இதன் கருத்து. இப்பாடத்திட்டமும் தேசப்பற்று குறைந்தது எனக் கண்டிக்கப்பட்டு, 2015இல் திருத்தப்பட்டது. 1491 மட்டும் நிலைத்தது.

இந்த ஆண்டு நமக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. 1491 நவம்பரில்தான் கர்னாடாவை ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1492 ஜனவரி 2இல் அல்ஹம்ரா கைமாறியது. அந்நகரை முற்றுகையிடக் கட்டப்பட்ட சாந்தா ஃபே பாசறை நகரில்தான், அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொலம்பஸின் பயணத்திற்கான ஒப்பந்தம் முடிவாயிற்று. அவர் அழைத்துச் சென்ற மொழிபெயர்ப்பாளர் லூயிஸ் தெ தோரஸ் ஓரளவு அரபு அறிந்தவர் என்று பயணக் குறிப்பேடு கூறுகிறது. கீழை நாடுகளை அடைந்தால் அரபு பயன்படும் என்ற எதிர்பார்ப்பே அவரைக் கப்பலில் ஏற்றியது. அந்தலூஸின் முடிவும் அமெரிக்காவின் தொடக்கமும் ஒரே பாசறையில் சந்தித்தன. தேர்வுகள் இவ்விரண்டையும் இரு வேறு பாடங்களில் வைத்துவிட்டன.

இத்தொடர்பு பின்னரும் அறுபடவில்லை. விடுதலை பெற்ற அமெரிக்காவுடன் மொராக்கோ சுல்தான் முஹம்மது இப்னு அப்துல்லாஹ் 1786இல் நட்புறவு உடன்படிக்கை செய்தார். அந்த அரபு ஆவணம் தாங்கும் ஆண்டு ஹிஜ்ரி 1200.

ஆவணமும் அறிவிப்பாளரும்

இத்தேர்வுகளின் கால வரம்பில் குறை இருப்பினும், வினா முறையில் நாம் மதித்துக் கற்க வேண்டிய ஒன்று உண்டு. 1973இல் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் அறிமுகமான ஆவணக் கட்டுரை வினா, பின்னர் உலக வரலாற்றிலும் இடம்பெற்றது. இன்றைய வடிவில் ஏழு ஆவணங்கள் மாணவர் முன் வைக்கப்படுகின்றன. ஆவணம் சொல்வதை எடுத்தெழுதினால் போதாது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எந்தச் சூழலில், என்ன நோக்கத்தோடு எழுதினார் என்று ஆராய்ந்து கட்டுரை வரைய வேண்டும்.

அரபுக் கல்லூரியில் பயின்றவருக்கு இது புதிதன்று. அறிவிப்பாளரின் நாணயத்தையும் நினைவாற்றலையும் எடைபோட ‘ஜர்ஹ் வ தஃதீல்’ என்ற தனிக்கலையையே முஹத்திஸீன்கள் வளர்த்தனர். செய்தியைச் சொன்னவரை மட்டுமன்றிச் சொல்லப்பட்ட செய்தியையும் சமூக இயல்போடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று இப்னு கல்தூன் 1377இல் தமது முகத்திமாவில் வற்புறுத்தினார். இரு மரபுகளின் நோக்கங்கள் வேறு. முன்னதன் கண்டிப்பும் நுணுக்கமும் பின்னதற்கு இல்லை. எனினும், சொன்னவரை விசாரிக்காமல் சொல்லை ஏற்காதே என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய செனகல் பகுதியிலுள்ள ஃபூத்தா தோரோவில் பிறந்த உமர் இப்னு ஸஈத், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி கற்றவர். 1807இல் சிறைபிடிக்கப்பட்டு, அமெரிக்காவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக விற்கப்பட்டார். தப்பியோடி வடகரோலினாவில் பிடிபட்டபோது, சிறைச் சுவரில் அரபியில் எழுதினார். பின்னர் ஓவன் என்ற குடும்பத்தின் உடைமையானார். 1831இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியிலேயே எழுதினார். அதன் ஆங்கிலப் பெயர்ப்பு ஒன்று 1925இல் அமெரிக்க வரலாற்றறிஞர்களின் ஆய்விதழில் வெளிவந்தது. மூலப்பிரதியை 2017இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கியது. 2019 முதல் அதை உலகெங்கும் கணினியில் காணலாம்.

அவர் கிறிஸ்தவத்தைத் தழுவியவர் என்று அக்கால அமெரிக்கர் எழுதினர். தம்மை வைத்திருந்த குடும்பத்தை அவரே தம் நூலில் புகழவும் செய்கிறார். ஆனால் நூலைத் தொடங்கும்போது அவர் எழுதியது ஸூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் அல்லாஹ்வுக்கே உரியன என்று அறிவிக்கும் அத்தியாயத்தை, பிறர் உடைமையாக வைக்கப்பட்ட ஒருவர், தம் எசமானரால் படிக்க முடியாத மொழியில் முதற்பக்கத்தில் எழுதுகிறார். மனப்பாடத்திலிருந்து எளிதாக வந்ததா, தேர்ந்தெடுத்து வைத்ததா? புகழுரை உள்ளத்திலிருந்து வந்ததா, அடிமை நிலை எழுத வைத்ததா? அறுதியிட்டுக் கூற இயலாத இக்கேள்விகளை எழுப்பத் தெரிந்தவரே வரலாற்று மாணவர்.

நம் பொறுப்பு

தேர்வு வாரியங்கள் தம் தேவைக்கேற்ப ஆண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வருந்துவதோடு நின்றுவிடுவதால் பயன் சிறிதே. 2018இல் பயன் விளைந்தது, பாடத்தை நன்கறிந்த ஆசிரியர்கள் காரணம் காட்டிப் பேசியதனால்தான். தம் பிள்ளைகள் 1200இலிருந்து படிக்கின்றனர் என்று அறிந்த பெற்றோர், அதற்கு முந்திய ஆறு நூற்றாண்டுகளை வீட்டிலும் வார இறுதி மத்ரஸாவிலும் கற்பிக்கலாம். அதுவும் பெருமைப் பட்டியலாக அமையாமல், ஆவணத்தை விசாரிக்கும் அதே கண்டிப்போடு அமைய வேண்டும்.

நம் அரபுக் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆவணத்தை எப்படி விசாரிப்பது என்று அமெரிக்கப் பள்ளி மாணவர் பயிற்சி பெறுகிறார். ஆனால் உமர் இப்னு ஸஈதின் எழுத்தை அவரால் மொழிபெயர்ப்பில்தான் படிக்க இயலும். ஸூரத்துல் முல்க்கை இரவுதோறும் ஓதும் நம் மாணவரால் அதை மூலத்திலேயே படிக்க முடியும்; ஆனால் வடகரோலினா எங்குள்ளது, 1831இல் அங்கு ஓர் அடிமையின் நிலை என்ன என்று அவர் கற்றதில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியை நம் இறுதியாண்டு வகுப்புகளில் ஒரு பாடமாக வைப்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.