பெயரால் அன்று, அளவால்: பழைய எஞ்சின்களுக்குப் பிஸ்டன் கிடைக்கும் வரலாறு

அந்தமானின் ஜங்லிகாட், போர்ட் பிளேர் நகரின் மீன்பிடித் துறை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இந்நகருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பல் பயணம் ஏறக்குறைய மூன்று நாள். டுங்கி எனப்படும் சிறு படகின் டீசல் எஞ்சினாயினும், வயலை உழும் பவர் டில்லரின் எஞ்சினாயினும், பிஸ்டன் பழுதானால் மாற்றுப் பிஸ்டன் பெரும்பாலும் அக்கடலைக் கடந்தே வரவேண்டும். தவறான பிஸ்டன் வந்து சேர்ந்தால் அதைத் திருப்பி அனுப்பி மற்றொன்று பெறும்வரை படகு கரையில் நிற்கும். வீட்டு வருமானமும் நிற்கும். ஆகவே ‘எந்தப் பிஸ்டன் பொருந்தும்’ என்ற கேள்வி இங்கே வாழ்வாதாரக் கேள்வியாகிறது. அதற்குரிய விடை ஒரு நீண்ட வரலாற்றில் அடங்கியுள்ளது.

இங்கிலாந்தில் போருக்குப் பிந்தைய தோட்டத்துச் சிறு டிராக்டர்கள் பல, ஜே.ஏ.பி., வில்லியர்ஸ் போன்ற நிறுவனங்களின் எஞ்சின்களைக் கொண்டே ஓடின. அந்நிறுவனங்கள் மறைந்தபின், அவ்வெஞ்சின்களைப் புதுப்பிக்க முனைவோர் பழைய கிடங்குகளில் எஞ்சியுள்ள பிஸ்டன்களைத் தேடுகின்றனர். கிடைக்காதபோது வேறொரு வண்டியின் பிஸ்டனை அளந்து பொருத்திப் பார்க்கின்றனர். தயாரித்தவர் மறைந்தால் உதிரிப்பாகமும் மறையும் என்பதே அங்குள்ள பொது அனுபவம். இந்தியாவில் சில எஞ்சின்களின் கதை இதற்கு நேர்மாறானது.

அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லிஸ்டர். 1867இல் இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் தோன்றிய ஆர்.ஏ. லிஸ்டர் நிறுவனம், 1930ஆம் ஆண்டையொட்டி ‘சி.எஸ்.’ வரிசை டீசல் எஞ்சின்களை அறிமுகப்படுத்தியது. அவற்றுள் ஒற்றை சிலிண்டர் கொண்ட 5 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்றும், பின்வந்த 6 குதிரைத்திறன் எஞ்சின் 650 சுற்றும் சுழன்றன. இரண்டிற்கும் சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம். பிஸ்டனின் ஓட்டம் ஐந்தரை அங்குலம். கமலை கட்டி நீர் இறைத்த கிணற்றடிகளுக்கு ‘ஆயில் எஞ்சின்’ என்ற பெயரோடு வந்து சேர்ந்தவை இத்தகைய மெதுவோட்ட எஞ்சின்களே. மின்கம்பி எட்டாத ஊர்களில் அவையே நீரையும் மாவையும் தந்தன.

1957இல் நாடு கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியைச் சந்தித்தது, இறக்குமதி இறுக்கப்பட்டது. வெளிநாட்டு உதிரிப்பாகம் அரிதான காலத்தில், உள்ளூர் வார்ப்பாலையும் லேத் பட்டறையும் முன்வந்தன. குஜராத்தின் ராஜ்கோட் நகரம் லிஸ்டர் வகை எஞ்சின்களைப் பெருமளவில் வார்க்கும் மையமாயிற்று. கோயம்புத்தூரின் வார்ப்பாலைகள் பம்பு, மோட்டார் ஆகியவற்றோடு எஞ்சின் பாகங்களையும் செய்தன. சென்னை செம்பியத்தில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே தொடங்கப்பட்டிருந்தது. டர்ஸ்லியில் சி.எஸ். எஞ்சின் உற்பத்தி 1987இல் நின்றது. ராஜ்கோட்டில் நிற்கவில்லை.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1956இன் எடை, அளவைச் சட்டத்தின் வழியே இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆயினும் நாலரை அங்குலம் 115 மில்லிமீட்டராகவோ 114 மில்லிமீட்டராகவோ திருத்தப்படவில்லை, 114.3 என்றே நிலைத்தது. ஏற்கெனவே வயல்களில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களுக்குப் பொருந்தவேண்டும் என்ற தேவை அரசின் அளவுமுறையைவிட வலிமையாக இருந்தது.

வேறு மரபுகளும் உண்டு. இங்கிலாந்தின் பெட்டர்ஸ் நிறுவனம் செய்த ஏவி1 எஞ்சினின் விட்டம் 80 மில்லிமீட்டர், ஓட்டம் 110 மில்லிமீட்டர், கொள்ளளவு 553 கனசென்டிமீட்டர். கிர்லோஸ்கர் ஏவி1 எஞ்சினுக்கும் அதே அளவுகள். கிர்லோஸ்கரின் டிவி1 எஞ்சினில் ஓட்டம் மாறாமல் விட்டம் மட்டும் 87.5 ஆகிக் கொள்ளளவு 661 ஆனது. பெரிய டிராக்டர்களின் உலகில் பெர்கின்ஸ் 3.152 எஞ்சினின் பெயரிலேயே அளவு உள்ளது: மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். அதன் விட்டம் 91.44 மில்லிமீட்டர், அதாவது 3.6 அங்குலம்.

எனினும் விட்டம் ஒன்றே போதும் என எண்ணுவது பெரும்பிழை. பிஸ்டன் பின்னின் விட்டம், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் தலைவரை உள்ள உயரம், ரிங்குகளின் எண்ணிக்கையும் தடிமனும், தலையிலுள்ள குழியின் வடிவம், எடை ஆகிய அனைத்தும் ஒத்திருக்க வேண்டும். டிவி1 எஞ்சினின் அழுத்த விகிதம் 17.5க்கு 1. அதில் பின் உயரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்த பிஸ்டனை இட்டால் விகிதம் ஏறத்தாழ 15.3 ஆக இறங்கும்; காலைக் குளிரில் எஞ்சின் எளிதில் உயிர்பெறாது, புகை மிகும். அதே ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ பிஸ்டன் தலை சிலிண்டர் ஹெட்டிலோ வால்விலோ மோதக்கூடும். மெல்லிய ஈயக் கம்பியைப் பிஸ்டன் மேல் வைத்து, ஹெட்டை இறுக்கி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை மெக்கானிக்குகள் அளப்பது இதன் பொருட்டே. வார்ப்பிரும்புப் பிஸ்டன் இருந்த இடத்தில் அலுமினியப் பிஸ்டன் வந்தால் எடை குறைந்து அதிர்வின் தன்மை மாறும். அலுமினியம் சூட்டில் மிகுதியாக விரிவதால் சுவரோடு விடும் இடைவெளியும் கூடுதலாக வேண்டும்.

தேய்ந்த சிலிண்டருக்கும் மரபு ஒரு வழி வைத்துள்ளது. அங்குல எஞ்சின்களில் 10, 20, 30, 40 ‘தௌ’ என்றும், மெட்ரிக் எஞ்சின்களில் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்றும் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வருகின்றன. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்பே ஒருமுறை போரிங் செய்யப்பட்ட சிலிண்டருக்கு, எஞ்சினின் பெயரை மட்டும் சொல்லிப் பிஸ்டன் வரவழைத்தால் அது தளர்ந்து ஆடும். உப்புக்காற்றும் கடல்நீரும் சிலிண்டர் சுவரை அரிக்கும் தீவில், சுவரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, போரிங் போதுமா, புது லைனர் வேண்டுமா என முடிவு செய்த பின்னரே கரைக்கு ஆர்டர் போகவேண்டும்.

தொழில்நுட்ப வரலாறு புதியன கண்டுபிடித்தோரையே பெரிதும் பேசுகிறது. பயன்பாடும் பழுதுபார்ப்பும் வரலாற்றின் மையத்திற்கு வரவேண்டும் என டேவிட் எட்ஜர்டன் வாதிட்டது இத்தகைய எஞ்சின்களுக்கு மிகவும் பொருந்தும். ராஜ்கோட் எஞ்சின்களை நகல் என இகழ்ந்தவர் பலர். அவற்றின் தரம் சீராக இல்லை என்பதும், வார்ப்பு மணல் உள்ளே தங்கியிருந்த எஞ்சின்கள் விற்கப்பட்டன என்பதும் உண்மையே. ஆயினும் அந்த நகல்களே ஓர் அளவை அழியாமல் காத்தன. தாய் நிறுவனம் கைவிட்ட எஞ்சினுக்கு இன்றும் பிஸ்டன் வார்க்கப்படுவதற்கு அவை காரணம்.

ஆனால் எந்த எஞ்சினுக்கு எந்தப் பிஸ்டன் பொருந்தும், எதைச் சிறிது கடைந்தால் பொருத்தலாம் என்னும் அறிவில் பெரும்பகுதி, மூத்த மெக்கானிக்குகளின் நினைவிலும் எண்ணெய்க் கறை படிந்த குறிப்பேடுகளிலும் மட்டுமே உள்ளது. அவர்கள் பட்டறையை மூடும் நாளில் அவ்வறிவும் போகும். பின்னர் பிஸ்டன் சென்னைக் கடையில் இருந்தாலும், அதுதான் வேண்டிய பிஸ்டன் என்று சொல்ல ஜங்லிகாட்டில் ஆள் இருக்காது. அக்குறிப்பேடுகளும் ஆவணங்களே. கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையேனும் அவற்றுக்குக் காட்டி, அவர்கள் இருக்கும்போதே படியெடுத்து வைக்கவேண்டும்.