தையல் நீளச் சீராக்கி

நீள்கை குயில்ட் எந்திரம் துணியின் மேல் நகரும் வேகத்தை அளந்து, அதற்கு ஏற்ப ஊசியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் எல்லாத் தையல்களையும் ஒரே நீளத்தில் விழச் செய்யும் மின்னணு அமைப்பு தையல் நீளச் சீராக்கி. தொழிலில் இருப்பவர்கள் ‘ஸ்டிட்ச் ரெகுலேட்டர்’ என்றே சொல்கிறார்கள்.

செஞ்சிக் கடைவீதியிலோ சிங்கவரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ ஓடும் சாதாரணத் தையல் எந்திரத்துக்கு இது தேவைப்படுவதில்லை. அதில் தையலின் நீளத்தை முடிவு செய்பவை ஊசிக்கு அடியில் பிளேட்டின் பிளவுகள் வழியே எழும் பற்கள். ஊசி துணியை விட்டு மேலே எழும் ஒவ்வொரு முறையும் அவை துணியை ஒரு தையல் அளவு தள்ளிவிடுகின்றன. ஊசியும் பற்களும் ஒரே அச்சால் இயங்குவதால், மிதியை மெதுவாக மிதித்தாலும் விரட்டி மிதித்தாலும் திருகில் வைத்த அளவு மாறாது. தையற்காரர் எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை.

குயில்ட் எனும் அடுக்குப் போர்வையில் நிலைமை வேறு. மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் நிற்கும். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே நூல் கோத்து முடிச்சுப் போடுவதும் இதற்காகத்தான். கட்டில் அளவுக் குயில்ட் பக்கத்துக்கு 100 அங்குலத்தைத் தொடும். அதைச் சுருட்டி வீட்டு எந்திரத்தின் சிறிய இடைவெளிக்குள் திணித்துத் திருப்பினால் தோள் ஓய்ந்துவிடும். நீள்கை எந்திரம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. துணி 10 அல்லது 12 அடிச் சட்டத்தின் உருளைகளில் விறைப்பாக நிற்கிறது. 18 முதல் 30 அங்குலம் வரை நீண்ட கையுடைய எந்திரம் சக்கரங்களின் மேல் முன்பின்னாகவும் இடவலமாகவும் ஓடுகிறது. தைப்பவர் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, கோலம் இழுப்பது போல ஊசியால் வரைகிறார்.

துணியைத் தள்ளும் பற்கள் இங்கே இல்லை. ஊசி தன் போக்கில் ஓட, கை தன் போக்கில் நகர்கிறது. வளைவில் கை தயங்கினால் பொடித்தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து துணியைத் துளைத்துவிடும். பிரிக்க நேர்ந்தால் அரை நாள் போய்விடும். நேர்கோட்டில் கை விரைந்தால் தையல் நீண்டு தொங்கும். போர்த்திக்கொண்டவரின் கால்விரல் அதில் மாட்டும். சீராக்கி வருமுன் எந்திரத்தை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, மோட்டாரின் ஒலிக்குக் கையைப் பழக்கினார்கள். தாளத்துக்கு அடவு பழகுவது போன்ற உழைப்பு அது, மாதக்கணக்கில் பிடிக்கும். அப்படிப் பழகிய கைகளின் வேலையைக் குறைத்து மதிப்பிடுவது தவறு.

அமெரிக்காவில் நீள்கை எந்திரம் வீட்டுத் தொழிலாக வளர்ந்தது 1980-களில். மிசௌரி மாநிலத்து வெஸ்ட் பிளெயின்ஸின் காமில், அயோவா மாநிலத்து கேரலின் ஏ.பி.க்யூ.எஸ். ஆகிய நிறுவனங்கள் அதில் பெயர்பெற்றவை. சீராக்கி பரவியது அதற்குப் பிறகுதான்.

இயங்கும் விதம்

எந்திரத்தைத் தாங்கும் வண்டியில் இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒன்று இடவலமாகவும் மற்றது முன்பின்னாகவும் நகரும் தொலைவை அளக்கிறது. ஒவ்வோர் உணரியிலும் தண்டவாளத்தை ஒட்டி உருளும் சிறு சக்கரமும், அதனோடு சுழலும் நுண்கோடுகள் வெட்டிய வட்டத்தகடும் உண்டு. கோடுகள் ஒளியை மறைத்து விடும்போது எழும் துடிப்புகளைச் சிறு கணினி எண்ணுகிறது.

இரண்டு அளவுகளையும் வெறுமனே கூட்டினால் பிழை வரும். எந்திரம் பக்கவாட்டில் 3 பங்கும் முன்னே 4 பங்கும் ஒரே சமயத்தில் நகர்ந்தால், ஊசி கடந்த தொலைவு 7 அல்ல, 5. செங்கோண முக்கோணத்தின் பழைய கணக்குதான். கூட்டலோடு நின்றுவிட்டால் அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்த எந்திரம், அந்தச் சாய்கோட்டில் 14 தையல் போட்டுவிடும். ஆகவே கணினி நொடிக்குப் பலமுறை சாய்தொலைவைக் கணித்து, ஒரு தையலுக்கு உரிய தொலைவு கடந்ததும் மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றவைக்கிறது. ஊசி மேலே நிற்கிறதா, துணிக்குள் இருக்கிறதா என்பதைச் சொல்ல மோட்டார் பக்கம் இன்னோர் உணரி உண்டு.

அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் என்பது பரவலான அளவு. 10 என்றால் ஒரு தையல் 2.54 மில்லிமீட்டர். மோட்டாரின் உச்சவேகம் நிமிடத்துக்கு 1800 தையல் என்று கொண்டால் நொடிக்கு 30. அதாவது கை நொடிக்கு 3 அங்குலம் வரை போகலாம். அதைத் தாண்டினால் சீராக்கியாலும் ஈடுகொடுக்க முடியாது. தையல் நீளத் தொடங்கும். பல எந்திரங்கள் அப்போது ஒலி எழுப்பி எச்சரிக்கும்.

பெரும்பாலான எந்திரங்களில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றில் கை நின்றால் ஊசியும் நிற்கும். கூர்மையான முனைகளுக்கும் அளவுகோல் வைத்துத் தைக்கும் கோடுகளுக்கும் இது ஏற்றது. மற்றதில் கை நின்றாலும் ஊசி குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சுருள்களிலும் கொடிகளிலும் ஓட்டம் அறுபடாது. மிக நெருக்கமாக நிரப்பும் வேலையில், அனுபவமுள்ள சிலர் சீராக்கியை அணைத்துவிட்டுப் பழையபடி ஒரே வேகத்தில் தைக்கிறார்கள்.

சட்டமே இல்லாத வீட்டு எந்திரத்துக்கும் இந்த வசதி வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்னினா நிறுவனம் 2000-களின் நடுவில் கொண்டுவந்த அமைப்பில், ஊசியருகே உள்ள ஒளியுணரி கணினி மவுஸ் மேசையைப் பார்ப்பது போலத் துணியின் நகர்வைப் பார்க்கிறது. கணினியே வடிவத்தை வரையும் எந்திரங்களில் பாதை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், மனிதக் கையின் தயக்கத்தை ஊகிக்கும் வேலையே இல்லை.

எல்லைகள்

சீராக்கி காப்பது நீளத்தை மட்டும். கோடு கோணினால் அதை நிமிர்த்தாது. மேல்நூல் தளர்ந்து அடியில் தொங்கினாலோ, பாபின் நூல் மேலே எட்டிப்பார்த்தாலோ, நூலின் டென்ஷனைத்தான் திருத்த வேண்டும். ஊசி துணிக்குள் இருக்கும் கணத்திலும் எந்திரம் நகர்ந்துகொண்டிருப்பதால் ஊசி சற்று வளைகிறது. மிகையான வேகத்தில் தையல் விடுவதற்கும் நூல் பிசிறுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டத்தையலால் தைத்துச் செல்லும் கவந்தியும் கையால் தைக்கும் போர்வைகள்; அவற்றில் தையலின் நீளம் எந்தக் கருவியும் இன்றிக் கண்ணாலேயே அளக்கப்படுகிறது. அவற்றின் தையல் இம்மி பிசகாமல் இருப்பதில்லை. அந்த ஏற்ற இறக்கம்தான் அவற்றின் அழகு. எந்திரத் தையலில் அதே ஏற்ற இறக்கம் பிழையாகக் கண்ணில் படுகிறது.

பழுது பெரும்பாலும் உணரிச் சக்கரத்தில் தொடங்கும். தண்டவாளத்தில் பஞ்சுத் தூசி படிந்தால் சக்கரம் உருளாமல் வழுக்கும், எண்ணிக்கை குறையும், தையல் நீளும். சோதிக்க, வேண்டாத துணியில் ஒரு வட்டம் தைத்துப் பார்க்கிறார்கள். வட்டத்தின் மேலும் கீழும் மட்டும் தையல் நீண்டிருந்தால் இடவலமாக அளக்கும் உணரி தவறுகிறது. இரு பக்கங்களில் நீண்டிருந்தால் முன்பின்னாக அளப்பது. அந்தத் தண்டவாளத்தை உலர்ந்த துணியால் துடைத்து, சக்கரம் ஒட்டி நிற்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு வட்டம் தைப்பது வழக்கம்.