பெற்றார் என்றால் எந்தப் பெற்றார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கோ.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது மூன்று பெற்றார் ஒரு வெள்ளைக் கடதாசியோடு வந்தார்கள். பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தைப் பெரிய பள்ளிக்கூடத்தோடு இணைக்கப் போகிறார்கள் என்ற கதை கொஞ்ச நாளாக ஊரில் அடிபடுகிறதல்லவா, அந்த விஷயம்தான். "ரீச்சர், இணைக்கிறதை நாங்கள் ஆதரிக்கிறம் எண்டு பெற்றாற்ற பேரிலை ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. உங்கட தமிழ் வடிவா இருக்கும்" என்றார்கள். அடுத்த நாள் காலையில் போனில் இன்னொருவர். அவருக்கும் கடிதம் வேண்டும், இணைப்பை எதிர்த்து. அதுவும் பெற்றாரின் பேரில்தான்.

இரண்டு கடிதமும் நான் எழுதவில்லை. ரீச்சர் நழுவிவிட்டா என்று சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஏன் எழுதவில்லை என்று சொல்ல, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய கதை ஒன்றுக்குப் போகவேண்டும். சிலருக்கு அது கசக்கும். நான் வரலாறு படிப்பிக்கிறவள், வேறு வழியில்லை.

1920களில் யாழ்ப்பாணத்தில் அரச நன்கொடை பெற்று நடந்த பள்ளிக்கூடங்கள் பலவற்றில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருந்து படிக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். சில இடங்களில் விறாந்தையில் இருந்தார்கள். ஒரே கரும்பலகை, ஒரே வாத்தியார், ஒரே வாய்ப்பாடுதான். இருக்கிற இடம் மட்டும் வேறு. விடுதிகளில் சாப்பாட்டுப் பந்தியும் வேறு. 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது, இதைக் கண்டித்தது. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் ஒரு ஆசிரியர். அவர்களின் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது தீண்டாமைக்கு எதிராகப் பேசிவிட்டுப் போனார்.

1929, 1930 அளவில் கல்வித் திணைக்களம் இறங்கி வந்து, நன்கொடை வேண்டுமென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. ஒரு பாடசாலைக் கொள்கை, அவ்வளவுதான். பிறகு நடந்தது என்ன? பெற்றார் கிளம்பினார்கள். பிள்ளைகளை மறித்தார்கள். கட்டளையை வாபஸ் வாங்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுக்கள் போயின. சம ஆசனம் கொடுத்த பள்ளிக்கூடங்கள் சில இரவோடிரவாக எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்ததற்காக ஓலைக் கொட்டில் எரிந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது "பெற்றார் எதிர்த்தார்கள்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நானே பல வருடம் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஒரு நாள் பத்தாம் ஆண்டில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "ரீச்சர், நிலத்தில இருந்த பிள்ளையளுக்கு அம்மா அப்பா இல்லையோ?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர்களும் பெற்றார்தானே. அந்தப் பிள்ளை வாங்கில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு தாய் இருந்திருப்பாள்தானே. ஆனால் மனு எழுத அவளுக்கு ஆள் இல்லை. எழுதினால் அடுத்த நாள் வேலை இருக்காது, குடியிருக்கும் வளவும் வேறொருவருடையது. ஆகவே எழுதியவர்கள் மட்டும் 'பெற்றார்' ஆனார்கள். எழுதாதவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அப்படியானால் பெற்றார் அமைப்பு எதிலும் பக்கம் எடுக்காமல் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதோ? அதுவும் இல்லை. அன்று எல்லோரும் வாய் மூடியிருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் எத்தனையோ வருடம் நிலத்தில்தான் இருந்திருக்கும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டமே 1957இல்தான் வந்தது. நடுநிலை என்று நாம் சொல்வது பல நேரம் இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்பதற்கு மரியாதையான இன்னொரு பெயர்.

அடுத்த கதை நம்முடைய தீவுப்பகுதிக்கு இன்னும் நெருக்கம். 1960 தேர்தலுக்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடம் 8ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், கம்பளை சாஹிரா கல்லூரியில் அதிபராக இருந்தவர், எங்கள் ஆள். அதை மறைத்து எழுதுவது சரியில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் பள்ளிக்கூடங்களும் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பள்ளிக்கூடங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரி போல ஒரு சில மட்டும், கட்டணமும் அறவிடாமல் நன்கொடையும் இல்லாமல் நடத்துவோம் என்று வெளியே நின்றன.

கத்தோலிக்கப் பெற்றார், குறிப்பாகத் தென்னிலங்கையில், பாயும் தலையணையுமாகப் பள்ளிக்கூடங்களுக்குள் போய்க் குந்தினார்கள். தாய்மார் இராப்பகலாக வகுப்பறைகளில் கிடந்தார்கள். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் கிராசியாஸ் வந்து பேசியபிறகுதான் அது தணிந்தது. அந்தத் தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன். தங்கள் பாட்டன் பூட்டன் கல் சுமந்து கட்டிய பள்ளிக்கூடம் அது. ஆனால் அதே பள்ளிக்கூடங்களில் பௌத்தப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் சோனகப் பிள்ளைகளும் படித்தார்கள். ஒரு பக்கம் திருச்சபை பெற்றாரின் உரிமை என்றது, மறுபக்கம் அரசாங்கம் எல்லாப் பெற்றாரின் பிள்ளைகளுக்காகவும் என்றது. இருவருமே பெற்றாரின் பேரில்தான் பேசினார்கள். என் கணிப்பைக் கேட்டால், ஏழைப் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தால் நன்மைதான் கூட. ஆனால் ஊர் பார்த்து நடத்திய பள்ளிக்கூடங்களின் கடிவாளம் கொழும்புக்குப் போனது. கூரைக்கு ஓடு மாற்றவும் கடிதம் எழுதிக் காத்திருக்கிற நாங்கள் அதற்கான விலையை இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி என்னுடைய கதை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் எங்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது நான் மூன்றாம் ஆண்டு. புத்தளத்தில் ஓலைக் கொட்டில். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே எங்களைக் காலை வகுப்பில் சேர்க்கக் கூடாது என்று பெற்றார் சங்கம் தீர்மானம் எடுத்தது. அவர்களும் முஸ்லிம்கள்தான். இடம் இல்லை, வாங்கு போதாது, தங்கள் பிள்ளைகளின் படிப்புக் குழம்பும் என்றார்கள். அதில் பொய் இல்லை. உண்மையாகவே இடம் இல்லை. நாங்கள் பின்னேரம் வந்து நிலத்தில் சாக்கு விரித்து இருந்து படித்தோம். என்னுடைய வாப்பா அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. போகலாம் என்றே அவருக்குத் தெரியாது. அன்று பகல் முழுக்க உப்பளத்தில் வேலை. சம ஆசனக் கதையைப் படிப்பிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சாக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பயந்து விட்டதாகப் போகும். 2018 ஏப்ரலில் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதை எதிர்த்துப் பெற்றாரும் பழைய மாணவிகளும் வாசலில் நின்றார்கள். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. 2022 பெப்ரவரியில் ஒருவர் திரும்பி வந்தபோது மீண்டும் குழப்பம். இதில் நான் நடுநிலையாள் இல்லை, நானும் அபாயா போடுகிறவள். சரவணைக்கு வந்த முதல் நாள் எனக்கு வயிறு கலங்கியது. ஒரு அம்மா கிட்ட வந்து, "ரீச்சர், இந்த வெயிலுக்கை வெக்கையா இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்திலும் பதிலுக்குப் பதாகை தூக்கினோம். பதாகைக்குப் பதாகை என்று ஆனபிறகு, அந்த வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இப்போது நம்முடைய கடிதத்துக்கு வருவோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர் அதிபர்தான், பதவி வழியாக. ஆகவே திணைக்களத்தின் முடிவு ஒன்றை எதிர்த்துச் சங்கத்தின் பேரில் எழுதுவது என்றால், திணைக்களத்து ஊழியர் ஒருவரின் தலையில் அதைக் கட்டுவது. ஆதரித்து எழுதினால், அவர் சொல்லித்தான் எழுதினார்கள் என்று ஆகும். இது ஒன்று. இரண்டாவது, விரும்பினவர்கள் சேர்கிற கிரிக்கெட் கழகம் மாதிரி இல்லை இது. பிள்ளை படிக்கிற எல்லாப் பெற்றாரும் இதில் உறுப்பினர், கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும். சங்கத்தின் பேரைப் போட்டால் வராதவர்களின் பேரையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் 43 பிள்ளைகள். இணைப்பை ஆதரிக்கிறவர்கள் அநேகமாக மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள். அவர்கள் சொல்வது நியாயம்: ஒரே ரீச்சர் மூன்று வகுப்பைப் பார்த்தால் கணிதம் எப்படி வரும்? எதிர்க்கிறவர்கள் அநேகமாக அங்கே படித்த பழைய ஆட்கள், சிலர் கனடாவில் இருந்து போன் எடுக்கிறார்கள். அவர்களின் மனமும் விளங்குகிறது. சண்டைக்குப் பிறகு வெறிச்சோடிக் கிடந்த ஊரில் திரும்பத் திறந்த முதல் கதவு அந்தப் பள்ளிக்கூடம். ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் படிப்பது ரொறன்ரோவில். இரண்டு கடிதத்திலும் இல்லாதவர்கள் கடற்கரைப் பக்கத்து 11 வீட்டுக்காரர். 43 பிள்ளைகளில் 19 பிள்ளைகள் அந்த வீடுகளில்தான். பெரிய பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளைகள் நடந்து போகவேண்டும். பஸ் அந்த ஒழுங்கைக்குள் வராது.

ஆகவே என் பதில் இதுதான்: கடிதம் எழுதுவேன். பக்கம் எடுத்தே எழுதுவேன். ஆனால் அந்த 11 வீட்டையும் கேட்டபிறகு. யார் யார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் உடன்படவில்லை என்பதும் அதில் இருக்கும். சங்கத்தின் பேரில் அல்ல, கையொப்பம் வைப்பவர்களின் பேரில். அதிபரின் கையொப்பமும் என்னுடையதும் அதில் இருக்காது.

கூட்டம் வருகிற சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். இரவு வலைக்குப் போகிற ஆட்கள் அந்த நேரம் நல்ல நித்திரையில் இருப்பார்கள். நேரத்தை மாற்றலாமோ என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை நானே அந்தப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். அவர்கள் எழும்பி இருக்கிற நேரம் எது, நாய் இல்லாத ஒழுங்கை எது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதிவிடுங்கோ.